சோறும் சபையும்

சபையை எப்படிப் புதுப்பிக்கலாம் என்ற பேச்சு எங்கள் சேகரக் கமிட்டியில் எழுந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். முதலில் எல்இடி திரை. அடுத்து டிரம்ஸ். கீர்த்தனைகளைக் குறைத்து யூடியூபில் ஓடும் பாடல்களைச் சேர்ப்பது, பிரசங்கத்தை இருபது நிமிடத்தில் முடிப்பது, வாலிபர்களுக்குத் தனியாக ஆங்கில ஆராதனை. இவற்றில் எதற்கும் நான் எதிரியல்ல. பாமாலைப் புத்தகத்தின் எழுத்து என் கண்ணுக்குப் பொடியாகிவிட்டது. திரை எனக்கும் வசதிதான். ஆனாலும், வேறு யாருடைய காய்ச்சலுக்கோ எழுதிய மருந்துச் சீட்டை நாம் கையில் வைத்துக்கொண்டு அலைகிறோமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

இங்கிலாந்தில் இந்தக் கேள்வி எழுந்ததற்குக் காரணம் இருந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆலயங்கள் காலியாகிக்கொண்டே வந்தன. மக்கள் வரட்டும் என்று காத்திராமல் அவர்கள் புழங்கும் இடத்திலேயே சபை முளைக்கட்டும் என்று 2004-இல் இங்கிலாந்துத் திருச்சபை ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு போர்ட்ஸ்மவுத் பக்கத்தில் கௌப்ளெயின் என்ற ஊரில் லூசி மூர் என்பவரும் அவருடைய சபையாரும் ‘மெஸ்ஸி சர்ச்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வார நாளில், பள்ளிக்கூடம் விட்ட பிறகு, பிள்ளைகளும் பெரியவர்களும் பசையும் வண்ணமுமாக எதையாவது செய்வார்கள். பிறகு கதை, பாட்டு, ஜெபம். கடைசியில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இன்று பல நாடுகளுக்கு அது பரவியிருக்கிறது. புதுமை தேடிப் போனவர்கள் கடைசியில் சாப்பாட்டில் வந்து நின்றது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் ஊர் நிலை வேறு. கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு வெளியே ஷாமியானா போட்டும் இடம் போதாது. ஆள் வரவில்லை என்பது நம் கவலையே அல்ல. வந்தவர்கள் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், ஆராதனை முடிந்ததும் யார் வீட்டில் கை நனைக்கிறார்கள் என்பதில்தான் நம் கதை இருக்கிறது. ஆகவே புதுமுறை என்று யாராவது எதையாவது கொண்டுவந்தால் நான் மேளத்தைப் பார்ப்பதில்லை, பந்தியைப் பார்க்கிறேன்.

பண்பாட்டுக்கு ஏற்றபடி சபை உருமாறுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நோபிலி காவி உடுத்தினார், சைவம் உண்டார், தமிழும் வடமொழியும் கற்றார், சந்நியாசியாகவே வாழ்ந்தார். துணிச்சலான முயற்சி என்று இன்றும் புகழ்கிறோம், தகும். ஆனால் அவருக்கு முன்பே மதுரையில் பரதவக் கிறிஸ்தவர்களிடையே ஊழியம் செய்துகொண்டிருந்தார் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சேசு சபைத் துறவி. நோபிலி அவரோடு வசிப்பதை விட்டுத் தனி வீட்டுக்குப் போனார். பிராமணர் ஒருவர் சமைத்துப் போட்டார். உயர்சாதியாரை நெருங்க வேறு வழியில்லை என்று நோபிலி நினைத்தார். நம் நாட்டில் சபையைப் பண்பாட்டோடு இணைத்த மிகப் பெயர்பெற்ற முயற்சி, இரண்டு கிறிஸ்தவத் துறவிகள் சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்தியதில் தொடங்கியது.

புராட்டஸ்டன்ட் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு இனி கூடாது என்று ஆணை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உட்படப் பல சபைகள் சென்னையில் கூடி ஒரே தென்னிந்தியத் திருச்சபை ஆயின. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகச் சண்டையிட்ட பிரிவுகளை நம்மால் இணைக்க முடிந்திருக்கிறது. கல்யாண விளம்பரத்தில் ‘கிறிஸ்தவ’ என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் சாதிப் பெயரை எடுக்க முடியவில்லை.

இந்தப் பின்னணியில் நான் மதிக்கும் புதுமைக்காரர் தியோப்பிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்தவர், 2005-இல் மறைந்தார்; பரட்டை அண்ணன் என்றால்தான் பலருக்குத் தெரியும். கர்நாடக ராகத்தில் ஊறிய கீர்த்தனை மரபுக்குப் பக்கத்தில் கிராமியப் பாட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ‘சாவு வீட்டு மேளம் ஆலயத்தில் எதற்கு’ என்று முகம் சுளித்தவர்களில் தலித் கிறிஸ்தவர்களும் உண்டு. பறையோடு சேர்த்து அவமானத்தையும் உதறிவிட்டு வந்தவர்கள் அல்லவா. ஆனால் அவருடைய பேச்சின் மையம் இசை அல்ல, ‘ஒரு உலை’. தனித்தனி அடுப்பை விட்டுவிட்டு அவரவரிடம் இருப்பதைச் சேர்த்து ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவது. திருவிருந்து என்பதையே அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். ஒரு துண்டு அப்பத்தையும் ஒரு மிடறு திராட்சரசத்தையும் சேர்ந்து வாங்கிவிட்டு, சோற்றைத் தனித்தனியாகத் தின்னப் போகிறவர்களுக்கு அவருடைய பாட்டுகள் ரசிக்க எளிது, கடைப்பிடிக்கக் கஷ்டம்.

தென் மாவட்டத்துக்காரர்கள் இந்த இடத்தில் அசனம் என்ற ஆலய விருந்தை நினைப்பார்கள். பிரதிஷ்டைப் பண்டிகை வந்தால் வீட்டுக்கு வீடு அரிசியும் தேங்காயும் ஆலயத்துக்குப் போகும்; நேர்ந்துவிட்ட ஆடுகள் வரும். ராத்திரி முழுக்க ஆலய வளாகத்தில் அடுப்பு எரியும். ஆள் உயர அகப்பையைப் பிடித்துச் சோறு கிண்டுகிறவரின் பனியன் விடிவதற்குள் புகையேறிப் பழுப்பாகியிருக்கும். மறுநாள் மணலில் பந்தி விரிப்பார்கள். பக்கத்துத் தெரு இந்துக்களும் வந்து உட்காருவார்கள். வருஷத்தில் ஒருநாள் என்பது உண்மை. அந்த ஒருநாளிலும் சில ஊர்களில் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு என்பதும் உண்மை. இருந்தாலும் இங்கிலாந்துக்காரர்கள் தேடி அடைந்த ஒன்று நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பண்டிகைச் செலவு என்று எழுதி வைக்கிறோமே தவிர, சபையாக இருப்பதற்கு அதுவும் ஒரு முறை என்று எண்ணுவதில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் ஆலயங்களைப் பூட்டியபோது எல்லாம் கைபேசிக்குள் வந்தது. அம்மா ஞாயிறு காலை பட்டுப்புடவை கட்டி, வேதாகமத்தை மடியில் வைத்து, முக்காடு போட்டுக்கொண்டு, சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்த கைபேசிக்கு முன்னால் உட்காருவாள். குருவானவர் சொல்லும்போது எழுந்து நிற்பாள். அவளுக்கு அது ஆராதனையேதான். எனக்கு இரண்டு மாதத்தில் தேநீர் குடித்துக்கொண்டே பிரசங்கத்தை வேகமாக ஓட்டுகிற பழக்கம் வந்தது. அந்தத் திரையில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. யாரோடும் உரசவும் இல்லை.

இப்போது நான் போய்வருகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு எட்டு மணி ஆராதனைக்கு எந்நாளும் வர முடியாத நர்ஸுகள், செக்யூரிட்டி வேலைக்காரர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் ஒருவர் என, ஷிப்டில் உழலும் மனிதர்கள். செவ்வாய் இரவு ஒரு வாடகை வீட்டு மாடியில் கூடுகிறார்கள். முதலில் கஞ்சியும் துவையலும். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் ஜெபம். பிரசங்கம் கிடையாது. அந்த வாரம் கையில் இறந்துபோன நோயாளியின் பெயரை ஒருத்தி சொல்வாள். மற்றவர்கள் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். ஆட்சேபமும் உண்டு. இதைச் சபை என்று சொல்லலாமா, குருவானவர் இல்லாமல் எப்படி என்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் குருவானவர் மாதம் ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இந்தக் கூட்டத்தை நான் பெரிதாகக் கொண்டாடவும் மாட்டேன். புதிதாக வந்த பெண்ணிடம் இங்கேயும் யாரோ ஒருவர் கேட்டார்: “எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?” நம் ஆட்களிடையே அந்தக் கேள்வி எதைத் துழாவுகிறது என்பது தெரியாதவர் இல்லை.

இப்போது கூட்டத்தில் இருவர் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். ஒரே சபை, ஒரே பேராயம், வேறு சாதி. பெண்ணின் அப்பா சம்மதிக்கவில்லை. கூட்டத்திலிருந்து இரண்டு பேர் போய்ப் பேசினார்கள். காபி கொடுத்து, பைபிள் வசனம் சொல்லி, மரியாதையாக அனுப்பிவைத்தார். அடுத்த முறை என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவரும் நானும் ஒரே ஊர், ஒரே சாதி. நான் சொன்னால் கேட்பார் என்று ஒரு கணக்கு. எதை உடைக்கப் போகிறோமோ அதையே சிபாரிசுக்குப் பிடித்துக்கொண்டு போவது எனக்கு உறுத்துகிறது. போகத்தான் போகிறேன்.