வாட்டம்

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோதுதான் கண்ணில் பட்டது. திருவரங்கத்தில் 1984இல் அப்பா கட்டிய இந்த வீட்டில் கூடத்துத் தரையை மூன்று தடவை மாற்றியிருக்கிறோம். முதலில் ரெட் ஆக்சைடு, பிறகு மொசைக், இப்போது முகம் தெரிகிற டைல்ஸ். அடுப்படிக்குக் கிரானைட் மேடை வந்தது. பின்கட்டில் அம்மா துணி துவைக்கும் மூலை மட்டும் கட்டின நாளில் இருந்தபடியே இருக்கிறது. விருந்தாளி எட்டிப் பார்க்காத இடம். அம்மா தினம் இரண்டு மணி நேரம் நின்ற இடமும் அதுதான்.

துவைக்கிற கல்லைத் தொட்டுப் பார்த்தேன். கருங்கல். ஓரங்களில் உளி கொத்திய தடம் இன்னும் சொரசொரவென்று விரலில் தட்டுகிறது. நடுவுக்கு வரவர அது மங்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வழவழப்பான பள்ளமாகி விடுகிறது. ஈரத்தில் பார்த்தால் அந்த இடம் மட்டும் கன்னங்கரேலென்று மின்னுகிறது. அப்பாவின் வேட்டிக் கரையும் என் தாவணிகளும் என் பிள்ளைகளின் அரைத்துணியும் அங்கேதான் தேய்ந்தன.

இந்தத் தடவை அந்த மூலையையும் குளியலறையையும் சேர்த்துச் செய்வது என்று முடிவு செய்தேன். அம்மாவுக்கு எழுபத்தாறு.

*

முதலில் கதவு.

அப்பா விழுந்தது இந்தக் குளியலறையில்தான். கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. அவர் அதன் மேலேயே சரிந்து கிடந்ததால் எங்களால் தள்ள முடியவில்லை. கதவைப் பெயர்த்து உள்ளே போவதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் மூன்று மாதம் இருந்தார்.

அதே கதவை அப்படியே திரும்ப மாட்டி, இத்தனை காலம் புழங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். புதுக் கதவு வெளியே திறக்கும். உள்தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருகினாலும் திறந்துவிடலாம். நிலைப்படியையும் எடுத்துவிட்டோம். கால் தடுக்க ஒன்றுமில்லை.

*

பழைய தரையைக் கொத்தி எடுத்ததும் ஈரமண் வாசனை. சுற்றியிருந்த சுவர்களில் ஓதம் ஏறியிருந்தது. அந்தப்பக்க அறையில் சுவர் உப்புப் பூத்து உதிர்வதற்குக் காரணம் இதுதான். கறை போக வாராவாரம் ஆசிட் ஊற்றிக் கழுவினோம். அந்த ஆசிட் கறையோடு நிற்கவில்லை, கல் இடுக்குகளில் இருந்த வெண்சிமெண்டையும் தின்றுவிட்டது. தண்ணீர் அந்த வழியாக இறங்கி வருஷக்கணக்கில் அடியில் தங்கியிருக்கிறது. சுத்தம் என்று நினைத்துச் செய்ததே சுவரை ஊற வைத்தது. இப்போது இடுக்குகளுக்கு எபாக்சி. விலை கூடத்தான். ஆனால் தண்ணீர் குடிக்காது, ஆசிட்டுக்கும் லேசில் அசையாது.

கொத்தனார் அடியில் தண்ணீர் தடுப்புப் பூச்சு பூசி, காய்ந்ததும் தண்ணீர் வெளியேறும் நானி ட்ராப்பின் வாயைத் துணிப்பந்தால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டினார். சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு பென்சில் கோடு. இரண்டு நாள் கழித்துத்தான் அடுத்த வேலை என்றார். ஆள் வராத இரண்டு நாள். வீட்டுக்குள் சின்னக் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. அம்மா இரவில்கூட டார்ச் அடித்துக் கோட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். வெயிலுக்கு ஒரு நூல் வற்றியது. அவ்வளவுதான்.

*

"வாட்டம் பாத்துத்தான்மா எல்லாம். டைல்ஸ் எதுன்னாலும் போட்டுக்கலாம்" என்றார் கொத்தனார்.

மீட்டருக்குப் பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் சரிவு. நிற்பவருக்குத் தெரியக் கூடாது. தண்ணீருக்குத் தெரிய வேண்டும். மட்டப்பலகையின் மேல் ரசமட்டம் வைத்துக் குமிழி எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்துப் பார்த்துக் கல் பதித்தார். நான்கு கல் பதித்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார். அது போகிற வழியைக் குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓரிடத்தில் தண்ணீர் ஒரு கணம் தயங்கி, பிறகு நகர்ந்தது. நான் கவனித்திருக்கவே மாட்டேன். அவர் அந்தக் கல்லைப் பெயர்த்துத் திரும்பப் பதித்தார்.

மொகஞ்சதாரோவில் 4500 ஆண்டுகளுக்கு முந்தைய வீடுகளில் குளிக்கும் தளங்கள் இருக்கின்றன. சுட்ட செங்கல்லை இடைவெளி தெரியாமல் நெருக்கி அடுக்கி, தெருச் சாக்கடைப் பக்கம் சரித்திருக்கிறார்கள். அங்கேயும் ஒருவர் இப்படிக் குந்தியிருந்துதான் தண்ணீரைப் பார்த்திருக்க வேண்டும்.

துவைக்கும் மூலையில் ஒரு சிக்கல் வந்தது. தரை சரிந்திருக்க வேண்டும். அங்கே வைக்கப்போகும் வாஷிங் மெஷின் மட்டமாக நிற்க வேண்டும். மட்டமில்லாமல் நின்றால் துணி பிழியும்போது அதிர்ந்து அதிர்ந்து இடம்விட்டு நகரும். கொத்தனார் மெஷினுக்கு மட்டும் நாலு அங்குல மேடை கட்டி, அதன் தலையை ரசமட்டத்துக்குச் சரியாக்கினார். தரை அந்த மேடையைச் சுற்றிக்கொண்டு தன் போக்கில் இறங்குகிறது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. வேலை முடிந்த பிறகும் அங்கே போய் நிற்கிறேன்.

*

ஆத்தங்குடிக் கல் போட ஆசைப்பட்டேன். காரைக்குடிப் பக்கத்துக் கண்ணாடித் தட்டு வேலை. தகட்டு அச்சின் கட்டங்களில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்து, பின்னால் மணலும் சிமெண்டும் நிரப்பிச் செய்கிறார்கள். சூளை கிடையாது; தண்ணீரில் ஊறியே இறுகுகிறது. கண்ணாடியில் பட்ட முகம் கண்ணாடி மாதிரியே வரும். அந்த வழுவழுப்புதான் கூடத்தில் அழகு. சோப்புத் தண்ணீர் ஓடுகிற தரையில் அதுவே ஆளைச் சறுக்கிவிடும். சிமெண்டு என்பதால் ஆசிட் பட்டாலும் போயிற்று.

ஆகவே தரைக்குச் சொரசொரப்பான சாம்பல் நிற டைல்ஸ். ஆத்தங்குடிக் கல் எட்டே எட்டு மட்டும் வாங்கி, தண்ணீர் தெறிக்காத சுவரில், மெஷினுக்கு மேலே ஒரு வரிசை பதித்தோம். பச்சையும் மஞ்சளும். அம்மா நிற்கும்போது அவள் கண் மட்டத்துக்கு வருகிறது. இந்த மூலைக்கு வந்த முதல் அலங்காரம்.

குளியலறை முழுவதும் வெள்ளையாக இருந்தால் பளிச்சென்றிருக்கும் என்று கடையில் எல்லாரும் சொன்னார்கள். வயதான கண்ணுக்கு வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கைப்பிடி இருப்பது தெரியாது. தரை சாம்பல், கழிப்பறைக் கோப்பை வெள்ளை, கைப்பிடி கருநீலம். எது எங்கே முடிகிறது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். கைப்பிடியை நாலரை அங்குலச் சுவரில் வைக்கவில்லை. ஒன்பது அங்குல வெளிச்சுவரில் போல்ட் போட்டு இறுக்கினோம். நான் என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன்.

*

தண்ணீர் விஷயத்தில் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டு துணியில் ஒட்டிக்கொள்ளும். குழாய் வாயிலும் அந்தச் சுண்ணாம்புதான் வெள்ளையாகப் படிகிறது. ஹீட்டர் கம்பியில் ஓடு கட்டுவதும் அதுதான். "காவிரித் தண்ணி ஒரு குழா இங்க வந்தாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். ஒரு பைப், ஒரு குழாய். நாற்பது வருஷமாக அந்தத் தண்ணீரை வாசலிலிருந்து குடத்தில் சுமந்து வந்திருக்கிறாள். ஒரு நாள் வேலைகூட இல்லை அது.

*

பழைய கல்லைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் கல்லின் மேல் ஒரு ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. துடைத்திருக்கிறாள்.

மறுநாள் கொத்தனார் அவளை நேராக நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு அரைச் சாண் கீழே கரிக்கோடு போட்டார். இரண்டு செங்கல் தூண்கள் கட்டி, அந்தக் கோட்டுக்குக் கல்லை ஏற்றினார்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். முன்பு முட்டிக்குச் சற்று மேலே இருந்த கல். அவள் குனிந்தே துவைத்திருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் அளவெடுக்கத் தோன்றவில்லை.

"கைக்கு வாட்டமா இருக்காம்மா?" என்று கேட்டார். அவர் வாயில் தரைக்கும் கைக்கும் ஒரே சொல்.

அம்மா கல்லின் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்து, முன்னும் பின்னுமாக இரண்டு தடவை தேய்த்தாள். "இருக்கு."

*

இன்று மெஷின் ஓடியது. கதவைச் சாத்தியதும் ஒரு குலுக்கல்கூட இல்லை. அம்மா அதன் பக்கத்திலேயே நின்று, இரண்டு கைக்குட்டைகளைக் கல்லில் துவைத்தாள். காவிரித் தண்ணீர் நுரைத்துக்கொண்டு தரையில் இறங்கி, மேடையைச் சுற்றி, ஜாலிக்குள் போயிற்று. ஷாம்பு வைக்க என்று நான் வாங்கி மாட்டிய கண்ணாடித் தட்டில் சொட்டு நீலமும் சோப்பும் ஏறியிருக்கின்றன.

கைக்குட்டையைக் காயப்போட எக்கினாள். கொடி எட்டவில்லை. கம்பி கட்டியது அப்பா, அவர் உயரத்துக்கு. நாளைக்கு ஒரு அடி இறக்க வேண்டும்.