அத்தி வரதரும் 785 இசைத்தட்டுகளும்

தாம்பரம் மார்க்கெட் பக்கத்துப் பூஜைச் சாமான் கடைகளில் ஒரு சின்னப் பெட்டி கிடைக்கும். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி. பிளக்கில் மாட்டினால் ஐந்தெழுத்து மந்திரமோ காயத்ரியோ ஒரே குரலில், ஒரே இழுப்பில், திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று எத்தனையோ வீட்டுப் பூஜையறைகளில் காலைப் பால் காய்ச்சும் நேரத்திலிருந்து மாலை விளக்கு வைக்கும் நேரம் வரை அது சொல்லிக்கொண்டிருக்கிறது. யார் குரல், எந்த ஆண்டுப் பதிவு, எத்தனையாவது நகல் என்று எவரும் கேட்பதில்லை. மந்திரம் ஒலித்தால் போதும்.

சீனத்துப் புத்தக் கோயில்களிலும் இதே மாதிரிப் பெட்டி உண்டு. அதைப் பார்த்துத்தான் பெய்ஜிங்கில் இயங்கிய எஃப்.எம்.3 என்ற இரட்டையர் 2005-இல் 'புத்தா மெஷின்' என்று ஒன்றைச் செய்தார்கள். மந்திரம் இருந்த இடத்தில் ஒன்பது சிறு இசைச் சுழல்கள். 2009-இல் அதே பெட்டியை இங்கிலாந்தின் 'த்ராபிங் கிரிஸில்' குழு தன் இரைச்சல்களால் நிரப்பி, 'கிரிஸ்லிஸம்' என்று பெயரிட்டு வெளியிட்டது. 1976-இல் 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் இவர்கள். இண்டஸ்ட்ரியல் என்ற இசை வகைக்கே பெயர் அங்கிருந்துதான் வந்தது.

கோயில் பெட்டியைக் கையில் எடுத்த அந்தக் குழுவின் பழைய தட்டுகளைத் தேடுபவர்கள் கேட்கும் கேள்வியோ பூஜையறைக்கு நேர் எதிரானது. குழுவின் முதல் ஆல்பமான 'தி செகண்ட் ஆன்யுவல் ரிப்போர்ட்' 1977-இல் வந்தபோது அச்சிட்டது 785 தட்டுகள்தான். கையில் இருந்த காசு அவ்வளவுதான். நாற்பதாம் ஆண்டான 2017-இல் மியூட் நிறுவனம் அதை மீண்டும் வெளியிட்டது. அதே இசை, அதே வரிசை. என்றாலும் சேகரிப்பவர் தட்டைச் சாய்த்து, லேபிளை ஒட்டிய வழவழப்பான வளையத்தில் கீறியிருக்கும் எண்ணைத்தான் முதலில் படிக்கிறார். இது அந்த 785-இல் ஒன்றா, இல்லையா? ஒன்றென்றால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இல்லையென்றால் விலை கேட்டுவிட்டு நகர்வார். 'நைன் இஞ்ச் நெய்ல்ஸ்' குழுவின் 1994-ஆம் ஆண்டு ஆல்பமான 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' பின்னாளில் அக்குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் மேற்பார்வையிலேயே வினைலில் மறுபடி வந்தபோதும் இதே பேச்சுதான். படைத்தவனே திருத்திச் செய்து கொடுத்தது உயர்ந்ததா, அன்று வந்தது உயர்ந்ததா?

இதைச் சந்தைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஒரு பொருளுக்குள் இருப்பதாக நாம் நம்பும் ஒன்று, அந்தப் பொருளின் நகலுக்கும் வந்து சேருமா என்பது சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி.

முதலில் தட்டு எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். லேக்கர் பூசிய அலுமினியத் தட்டில் வெட்டுமுள் ஒலியின் வரியை அறுக்கிறது. அதன்மேல் வெள்ளிப் பூச்சு கொடுத்து, நிக்கலைப் படியவைத்து உரித்தால் ஓர் எதிருரு கிடைக்கும். தொழிலில் அதற்குத் 'தந்தை' என்றே பெயர். தந்தையிலிருந்து எடுப்பது 'தாய்'. தாயிலிருந்து ஸ்டாம்பர். இரு ஸ்டாம்பர்களுக்கு நடுவே சூடான வினைலை வைத்து அழுத்தினால் தட்டு. ஆக, முதல் அச்சு என்று கொண்டாடப்படுவதே ஐந்தாம் தலைமுறை. அதற்கு முன்னால் ஒலிநாடா. அதற்கும் முன்னால் ஓர் அறையில் சிலர் எழுப்பிய ஓசை. சுவாமிமலையில் திருமேனி வார்க்கும் வேலை நடப்பது வேறு விதமாக. மெழுகில் வடித்த உருவின்மேல் காவிரி வண்டலைப் பூசிச் சுட, மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்கருவை உடைத்துத்தான் திருமேனியை வெளியே எடுக்கிறார்கள். ஒரு கருவுக்கு ஒரே உரு. அங்கே தாய் உடைந்துபோகிறாள். இங்கே தாயைப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டுப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். அப்படி ஆயிரத்தில் ஒன்றாகப் பிறந்த பொருளின்மேல் 'மூலம்' என்ற சொல்லை ஏற்றுவது விந்தைதான்.

இந்த நம்பிக்கைக்கு 2022 ஜூலையில் ஒரு சோதனை வந்தது. அமெரிக்காவின் 'மொபைல் ஃபிடெலிட்டி' நிறுவனம் மூல ஒலிநாடாவிலிருந்து நேராக வெட்டப்படும் மறுவெளியீடுகளுக்குப் பேர்போனதாக இருந்தது. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தை அந்த முறையில் 40,000 தட்டுகள் அச்சிடப்போவதாக அது அறிவித்தபோதே சிலருக்குக் கணக்கு இடித்தது: அத்தனை தட்டுக்கு மூல நாடாவை எத்தனை முறை ஓட்டவேண்டியிருக்கும்? பீனிக்ஸ் நகரத்துக் கடைக்காரர் மைக் எஸ்போசிட்டோ விஷயத்தை வெளிப்படையாகப் பேசினார். நிறுவனத்தின் பொறியாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். 2011-லிருந்தே நடுவில் ஒரு டிஜிட்டல் நகல் இருந்திருக்கிறது.

பதினோரு ஆண்டுகள். காது தீட்டிக் கேட்பவர்கள், ஒரு மயிரிழை வேறுபாட்டையும் கண்டுபிடிப்போம் என்றிருந்தவர்கள், அந்தத் தட்டுகளைத்தான் தூய அனலாகின் சிகரம் என்று போற்றிக்கொண்டிருந்தார்கள். உண்மை தெரிந்த மறுநாள் தட்டில் ஒரு வரிகூட மாறிவிடவில்லை. ஒலி நேற்றைய ஒலிதான். ஆனாலும் அவர்கள் புண்பட்டார்கள், வழக்குத் தொடுத்தார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. பிரசாதம் என்று கொடுத்தது கோயிலில் படைக்கப்படவே இல்லை என்று பின்னால் தெரியவந்தால், இனிப்பு அதே இனிப்பாக இருந்தாலும் வாங்கி உண்டவர் மனம் என்ன பாடுபடும்? நாக்கு ஏமாறவில்லை. நாக்கைத் தாண்டிய ஒன்று ஏமாந்தது. அந்தத் தட்டுகளில் குற்றம் நகலில் இல்லை, அதை மறைத்ததில் இருக்கிறது.

மறைக்காமல் நகலோடு வாழ்ந்த ஓர் ஊர் வண்டலூருக்கு அருகிலேயே இருக்கிறது. வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு மேற்கே திரும்பும் வாலாஜாபாத் சாலை, படப்பையைத் தாண்டி ஒரகடத்துக் கார் தொழிற்சாலைகளின் ஊடாகப் போகிறது. 1980-இல் மேற்கு பெர்லினில் தகரமும் துளைக்கருவியும் கொண்டு இசை செய்யக் கிளம்பிய 'ஐன்ஸ்டுர்ட்ஸெண்டெ நொய்பாட்டன்' குழுவினர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருக்கக்கூடிய இரும்போசை அந்தச் சாலையோரம் இரவு பகலாக உண்டு. அந்த ஓசையைக் கடந்து, வாலாஜாபாத்தையும் கடந்தால் காஞ்சி.

அங்கே வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் அத்தி மரத்தால் ஆன பழைய மூலவர் நீரடியில் கிடக்கிறார். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளி, நாற்பத்தெட்டு நாள் தரிசனம் தந்து மறுபடி நீருக்குள் போகிறார். 1979-இல் வந்தார், பிறகு 2019-இல், ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை. அந்த நாட்களில் காஞ்சிக்குப் போகும் சாலையெல்லாம் வண்டிகளால் அடைத்துக்கொண்டன. முதியவர்களும் கைக்குழந்தை ஏந்தியவர்களும் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். இன்னும் நாற்பது ஆண்டு யார் கண்டது என்ற எண்ணம்தான் பலரை இழுத்து வந்தது. படையெடுப்புக் காலத்தில் பாதுகாப்புக்காக அத்தி வரதரைக் குளத்தில் மறைத்தார்கள், கருவறைக்குப் பழைய சீவரத்திலிருந்து கல் திருமேனியை எழுந்தருளச் செய்தார்கள் என்பது கோயில் வழக்கில் வரும் வரலாறு.

சேகரிப்பவர்களின் வழக்கை இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்க்கலாம். மூலம் நீருக்குள். பிறகு வந்தவர் கருவறையில். அன்றாடப் பூஜை, நைவேத்தியம், கருட சேவை பார்க்க வரும் கூட்டம், வேண்டுதல், கண்ணீர் எல்லாம் பிறகு வந்தவருக்கு. அவரை மறுபதிப்பு என்று காஞ்சியில் ஒருவரும் குறைத்துச் சொல்வதில்லை. அதற்காக மூலத்தை மறந்தும் போய்விடவில்லை; நாள் எண்ணி, நாற்பது ஆண்டு காத்திருந்து, குளத்து நீரை இறைத்து எடுக்கிறார்கள். முதற்பொருள் மேல் ஒரு பற்று, இன்று நின்று அருள்பவர் மேல் ஒரு பற்று. இரண்டும் ஒன்றையொன்று தின்னாமல் இருக்கின்றன. 1977-இன் தட்டு நாற்பது ஆண்டு கழித்து 2017-இல் திரும்பி வந்ததும் அத்தி வரதரின் கணக்கும் ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனால் ஒரு தலைமுறை பார்த்ததை அடுத்த தலைமுறையும் பார்க்கவேண்டும் என்ற ஏக்கத்துக்கு நாற்பது ஆண்டு சரியான இடைவெளி என்றே படுகிறது.

ஆகமம் இதற்கு ஒரு முறையே வகுத்திருக்கிறது. திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்து, தெய்வ சாந்நித்தியத்தைக் கும்ப நீருக்கோ வரைந்த படத்துக்கோ மாற்றுகிறார்கள். வேலை முடிந்து குடமுழுக்கின்போது திருப்பிச் சேர்க்கிறார்கள். இடம் மாறலாம், ஏந்தும் பொருள் மாறலாம். மாற்றுகிறவர் முறையறிந்து, ஊரறியச் செய்யவேண்டும் என்பதுதான் நிபந்தனை. மாஸ்டர் நாடாவைத் தேடியெடுத்து, எந்த நாடா, யார் வெட்டியது, நடுவில் என்ன செய்தோம் என்று உறையிலேயே அச்சிட்டு வெளியிடுகிறவர்கள் செய்வதும் ஏறத்தாழ அதுவே. அப்படி வந்த தட்டை இரண்டாந்தரம் என்று ஒதுக்குவது நியாயமாகத் தெரியவில்லை.

காஞ்சி இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. மணிமேகலைக்கு அறவண அடிகள் அளவையியலைச் சொல்லிக்கொடுப்பது இந்த நகரில்தான். அந்தக் காப்பியத்தின் இருபத்தொன்பதாம் காதையில் அடிகள் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு ஒலி. குடத்தைப்போல ஒலியும் செய்யப்படுவது, செய்யப்படுவதால் நிலையாதது. மீமாம்சகர்கள் இதை ஒப்பமாட்டார்கள். சொல் என்றும் உள்ளது, உச்சரிப்பு அதை வெளிப்படுத்துவது மட்டும்தான் என்பது அவர்கள் கட்சி. அவர்களுக்கு முன்னால் ஓர் இசைத்தட்டை வைத்திருந்தால் களித்திருப்பார்கள்: பாட்டு வரிக்குள் உறங்குகிறது, முள் அதை எழுப்புகிறது! அடிகள் விட்டிருக்கமாட்டார். வரியில் இருப்பது பள்ளமும் மேடும். ஒலி ஒவ்வொரு முறையும் முள் அதிரும்போது புதிதாகப் பிறந்து, காதில் பட்டு, அப்போதே அழிகிறது என்றிருப்பார். முள் ஓடும் ஒவ்வொரு முறையும் வரி கொஞ்சம் தேய்கிறது என்ற உண்மையும் அவர் பக்கம்தான் நிற்கிறது. அப்படியானால் 785 பேர் கையிலும் இருப்பது ஒலி அல்ல. ஒலியைத் திரும்பப் பிறப்பிக்கும் ஒரு வாய்ப்பு.

அந்த வாய்ப்பும் எரிந்துபோகும். சென்னையில் பழைய புத்தகமும் பழைய இசைத்தட்டும் தேடுவோர் சுற்றிய மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று தீக்கிரையானது. 2008-இல் ஹாலிவுட்டின் யுனிவர்சல் வளாகத் தீயில் மூல ஒலிநாடாக்கள் அழிந்தன. நிர்வாணா, சவுண்ட்கார்டன், சோனிக் யூத் போன்ற ஆல்டர்நேட்டிவ் ராக் குழுக்களின் நாடாக்களும் பாதிக்கப்பட்டவற்றில் இருந்ததை அந்நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தபோது, லேக்கர் தட்டு செய்யும் ஆலை உலகில் ஜப்பானில் இருந்த ஒன்று மட்டுமே மிஞ்சியது.

தட்டை நம்பாத ஒருவரும் காஞ்சியில் இருந்தார். காஞ்சிபுரம் நாயனா பிள்ளை. தாளக் கணக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர் வாங்கியவர், கச்சேரி மேடையைத் தாள வாத்தியங்களால் நிரப்பியவர். கிராமபோன் கம்பெனிகள் ஊர் ஊராகப் பாடகர்களைத் தேடிய காலத்தில் வாழ்ந்தும் தட்டில் பாட அவர் இசையவில்லை. 1934-இல் மறைந்தார். அவர் குரலுக்கு முதல் அச்சும் கிடையாது, மறுவெளியீடும் கிடையாது. மாணவர்கள் இருந்தார்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவரிடம் பல ஆண்டுகள் பயின்றார். வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தாவும் அவரிடம் கீர்த்தனைகள் கற்றார். ஒரு விளக்கிலிருந்து மறு விளக்குக்குச் சுடரை மாற்றுவதுபோல நாயனா பிள்ளையின் பாடம் அவர்கள் குரலுக்குள் போனது.

அவர்கள் பாடியது பதிவாகியிருக்கிறது. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் பழைய 78 சுற்றுத் தட்டு ஒன்று கிடைத்தால் சேகரிப்பவர் அதையும் வெளிச்சத்தில் சாய்த்து, லேபிள் ஓரத்து எண்ணைத்தான் முதலில் பார்ப்பார். பிறகு முள்ளை இறக்குவார். இரைச்சலுக்கு நடுவே சீடரின் குரல் எழும். தாளம் விழும் இடத்தில், ஒருபோதும் பதிவாகாத குருவின் பாடமும் கேட்கும்.