கயிறு இல்லாத பார்வை

விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவையொட்டி 2024 அக்டோபர் 6ஆம் தேதி சென்னை மெரினாவில் நடந்த சாகசக் காட்சியைப் பற்றி இரண்டு விதமான பேச்சுதான் உண்டு. ஒன்று பெருமிதம். மற்றது ஏற்பாடுகளைப் பற்றிய குறை. கூட்டம் பதினைந்து லட்சம் என்றார்கள். வெயிலில் நின்றுவிட்டு வந்தவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டு பேச்சுக்கும் வெளியே ஒரு கேள்வி மீந்து நிற்கிறது: கொல்வதற்காகச் செய்யப்பட்ட ஒன்றை அழகாகப் பார்க்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்?

அழகே இல்லை என்று மறுப்பது பொய். சூர்யகிரண் விமானங்கள் ஒட்டிப் பறந்து சட்டென்று பிரிகிற லாகவத்தில் மனிதனின் பயிற்சியும் கட்டுப்பாடும் உருவம் கொண்டுவிடுகின்றன. ரசனை பயனை விசாரிப்பதில்லை என்பது பழைய வாதம். ஸ்ரீரங்கத்துத் தூணில் குதிரைவீரன் ஓங்கிய ஈட்டியை யாரும் பயந்துகொண்டு பார்ப்பதில்லை. பழைய டகோட்டாவும் ஹார்வர்டும் இந்த வாதத்துக்கு இன்னும் தோதானவை. 1947 அக்டோபர் 27இல் ஸ்ரீநகரில் துருப்புகளை இறக்கியது டகோட்டா. இன்று அது தாழ்ந்து மெதுவாக வரும்போது ஒரு கிழவரிடம் வருகிற வாஞ்சை வருகிறது. வயது ஆயுதத்தைக் கழுவிவிடுகிறது.

ஆனால் இந்த வாதம், பார்ப்பவன் நிற்கும் இடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. தூத்துக்குடிக் கரையில் நின்று மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் நினைத்துப் பார்க்கலாம். யுத்த வருஷங்களில் அங்கே விமானச் சத்தம் கேட்டால் ஜனங்கள் பதுங்குகுழிக்குள் இறங்கினார்கள். 1995 ஜூலை 9இல் யாழ்ப்பாணத்து நவாலியில், தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வேறு நாடு, வேறு படை. சத்தம் ஒரே ஜாதி. இங்கே முகம் உயர்கிறது; அங்கே உடம்பு மண்ணுக்குள் போகிறது. ஆக, அந்த அழகில் பாதி, நம் மேல் எதுவும் விழாது என்ற உத்தரவாதத்தில் இருக்கிறது.

இந்தக் கரைக்கு வேறொரு பார்வையும் தெரியும். முத்துக்குளிப்பும் ஒரு காலத்தில் பெரிய வேடிக்கைதான். வியாபாரிகளும் அதிகாரிகளும் கரையில் கூடாரமடித்துக் காத்திருந்தார்கள். ஆங்கில அரசு சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டது. அவர்கள் கண் சிப்பிக் குவியலின் மேல். தோணியில் மட்டும் ஒருவன் வேறு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்லின் கனத்தில் கீழே போனவனின் கயிறு அவன் கையில். தண்ணீருக்கு அடியில் எதுவும் தெரியாவிட்டாலும் கயிற்றின் அசைவு கைக்குத் தெரியும். இன்னொருவனின் மூச்சு அவன் பார்வைக்குள் இருந்தது. அவன் நல்லவனா என்பது இங்கே பிரச்னை இல்லை. கையை விட்டால் ஆள் போய்விடுவான்.

விமானக் காட்சி நம்மிடம் கண்ணை மட்டும் கேட்கிறது. தாகம், வெயில், பக்கத்தில் நிற்கிறவன் எதுவும் அதற்கு வேண்டாம். ஐந்து மரணங்களுக்கு நிர்வாகம் பதில் சொல்லட்டும். ஆனால் குண்டுக்குக் கீழே இருப்பவனை மறக்கச் சொல்லும் பார்வையே, தோளோடு தோள் நிற்பவனையும் மறக்கப் பழக்குகிறது என்பது நிர்வாக விஷயம் அல்ல.

போகவே கூடாது என்பது சுலபமான பதில். அழகை ஒப்புக்கொண்டவனுக்கு அது உதவாது. கீழே யார் இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே அண்ணாந்து பார்க்க முடியுமா? முடிந்தால் அழகு குறையும் என்றுதான் நினைக்கிறேன். குறையட்டும்.