கிருத்திகை சாப்பாடும் பக்கத்து வீட்டுத் தறியும்

ஓம் சரவணபவ.

போன வருஷம் கந்த சஷ்டி ஆறு நாளும் விரதம் இருந்தேன். பாலும் பழமும் மட்டும்தான். மூணாவது நாள் ஒரு கோயில் அன்னதானத்துக்கு ஆயிரம் ரூபாய் ஜிபே பண்ணிட்டு, ரசீதை ஸ்டேட்டஸ்லயும் போட்டேன். அன்னிக்கு ராத்திரி போளூர்ல இருந்து அம்மா பேசினாங்க. "மழை விடலடா. பக்கத்து வீட்ல தறி ஓடி பத்து நாளாச்சு. ஒரு வேளைதான் அடுப்பு எரியுது."

நான் இருந்தது விரதம். அந்த வீட்ல இருந்தது பட்டினி. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர்.

ஆரணி, போளூர் பக்கம் பட்டுத்தறி தெரிஞ்சவங்களுக்கு ஐப்பசின்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்லை. விடிகாலையில தெருவுல பாவு நீட்ட முடியாது. தறிக்குழியில தண்ணி ஊறும். ஈரக்காத்துல இழை ஒட்டிக்கிட்டு அறும். புடவையை முடிச்சுக் கொடுத்தாத்தான் கூலி. முடியலைன்னா அந்த மாசம் கடன்தான். இதுல இன்னொன்னும் இருக்கு. நெசவு செய்யுற செங்குந்தர்கள் தங்களை வீரபாகு முதலான நவவீரர்கள் வழி வந்தவங்கன்னு சொல்லிக்கிற மரபு உண்டு. சூரசம்ஹாரத்துல முருகன் கூட நின்ன படை! அந்தப் படையோட தெருவுலயே சஷ்டி நேரத்துல அடுப்பு எரியலன்னா, நம்ம அரோகரா யாருக்கு?

சரி, அம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? கிருத்திகை அன்னிக்கு ஒரு படி அரிசி கூடப் போட்டு சாம்பார் சாதம் கிளறி, "முருகனுக்குப் படைச்சது, அதிகமா செஞ்சுட்டேன், வீணாப் போயிடும்மா"ன்னு அந்த அக்கா கையில கொடுத்திருக்காங்க. அடுத்த செவ்வாயும் "அதிகமாயிடுச்சு". அதுக்கு அடுத்த வாரமும் அதே. பொய்தான். ஆனா வாங்குறவங்க தலை குனியாம வாங்க, அந்தப் பொய் வேண்டியிருந்துச்சு. என் ரசீதுல அது இல்ல.

நம்ம திருவண்ணாமலை அருணகிரிநாதர் கந்தர் அலங்காரத்துல இதைத்தான் சொல்றார். வேலவனை வாழ்த்துங்க, வாழ்த்திட்டு ஏழைங்களுக்கு ஒரு நொய் அரிசியில பாதியாவது பகிருங்கன்னு. அதுக்கு ஒரு உவமையும் கொடுக்கிறார். வெயில்ல நிக்கிறப்போ நம்ம உடம்போட நிழல்ல நாமே ஒதுங்க முடியுமா? முடியாது. அதே மாதிரி கடைசிப் பயணத்துல கையில இருக்கிற காசு உதவாதுங்கிறார். இதைப் படிக்கிறப்போ எனக்கு ஒண்ணு தோணும்: என் நிழல்ல நான் ஒதுங்க முடியாது, ஆனா பக்கத்துல இருக்கிறவர் ஒதுங்கலாமே!

கோயில் அன்னதானத்தைக் குறைச்சு சொல்லல. பழனியில 2012 முதல் நாள் முழுக்க அன்னதானம் நடக்குது, எவ்வளவு பெரிய விஷயம். ஆனா தறி நின்ன வீட்ல இருந்து பழனிக்குப் பஸ் ஏற காசு வேணும்ல.

சின்ன வயசுல சென்னை கந்தகோட்டத்து முருகன் மேல தெய்வமணிமாலை பாடின ராமலிங்க சுவாமிகள், வடலூர்ல சத்திய தருமச்சாலையைத் தொடங்கினது 1867 மே 23. அன்னிக்கு மூட்டின அடுப்பு இன்னிக்கும் அணையல. எல்லாரும் அந்த அணையா அடுப்பைத்தான் பேசுவோம். எனக்கு அதைவிடப் பெருசா தெரியுறது அதுக்கு முன்னாடி நடந்தது. அந்த இடம் 80 காணி நிலம். பார்வதிபுரத்து ஜனங்க சேர்ந்து கொடுத்தது. ஊரே சேர்ந்து கொடுத்த நிலத்துல எரியுற அடுப்புல சாப்பிட வர்றவரை, 'வெளி ஆள்'னு யார் சொல்ல முடியும்?

அம்மாவோட பொய்க்கு ஒரு குறை இருந்துச்சு. எவ்வளவு நாள்தான் "அதிகமாயிடுச்சு"? அதனால தை மாசத்துல இருந்து எங்க தெருவுல செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரே அடுப்பு. நாலு வீடு ஆரம்பிச்சது, இப்ப ஒன்பது. மூணு கிலோ அரிசி ஒரு வீடு, பருப்பு ஒரு வீடு, காய் ஒரு வீடு. நான் ஊர்ல இல்லாததால கேஸ் செலவு என் பங்கு. வேல் படத்துக்கு முன்னாடி படைச்சிட்டு, சமைச்சவங்க, கொடுத்தவங்க, வந்தவங்க எல்லாரும் ஒரே பந்தி. நிக்க வெச்சுக் கையில கொடுக்கிறது கிடையாது. போட்டோ எடுக்கக் கூடாதுன்னு பசங்களே சொல்லிட்டாங்க (என் ஸ்டேட்டஸ் கதை தெரிஞ்சிருக்கும் போல).

முதல் ரெண்டு வாரம் அந்த அக்கா வரல. பிள்ளைங்களை மட்டும் அனுப்பினாங்க. அம்மா போய்க் கூப்பிட்டப்போ, "சும்மா வந்து உக்காரக் கூச்சமா இருக்கும்மா"ன்னு சொல்லியிருக்காங்க. "அப்போ ரசம் நீ வெச்சுக் கொண்டா, என் ரசம் ஒருத்தருக்கும் பிடிக்கல"ன்னு அம்மா சொல்ல, மூணாவது வாரம் ஒரு குண்டான் மிளகு ரசத்தோட வந்தாங்க.

இப்ப தறி ஓடுது. ஆனாலும் செவ்வாய் ரசம் அவங்க வீட்டு முறைதான். ஐப்பசிக்கு இன்னும் மாசம் இருக்கு. உங்க தெருவுல எந்த வீட்ல தறி நிக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும்.

முருகா சரணம். வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!