செவி நுகர்ச்சிக்கும் அளவு உண்டு

சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்ட சிராவகாசாரத்தில், ஒருமுறை நுகர்ந்து விடும் உணவு முதலியவற்றைப் போகம் என்றும், மீண்டும் நுகரும் ஆடை முதலியவற்றை உபபோகம் என்றும் வகுத்தார். இசை இவற்றுள் எது?

வானொலிக் கச்சேரிக்குக் காத்திருந்த நாளில் அது போகம், கேட்டோம், முடிந்தது. 2000 மார்ச்சில் ஏவப்பட்ட ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் வழியே, வேர்ல்டுஸ்பேஸின் 'ஸ்ருதி' அலைவரிசை சந்தாதாரர்க்கு இரவும் பகலும் கருநாடக இசை தந்தது. பிள்ளைச்சாவடியில் அலைவாங்கியைக் கடற்புறத்து வானை நோக்கிச் சாய்த்தால் போதும். (பெரும்பேறுதான், மறுக்கமாட்டேன்.) ஆயினும் கட்டிய பணம் வீணாகலாகாது என்று எவரும் அதை நிறுத்தமாட்டார், தோடி ஒலிக்க அரிசி களைவார். இசை ஆடையாயிற்று, உடுத்தியிருப்பதை யார் நினைக்கிறார்?

2009 டிசம்பர் 31 அன்று இந்தியாவில் அச்சேவை நின்றது. பழக்கம் நிற்கவில்லை, கைப்பேசிக்குக் குடிபெயர்ந்தது. நிலையம் இட்ட எல்லையை இனி நாமே இட வேண்டும். நாள், மாதம் எனக் காலவரை குறித்து விலக்கத்தக்கவற்றுள் இசையையும் பாட்டையும் அவ்வாசிரியர் எண்ணியிருக்கிறார். உணவுக்கு நியமம் ஏற்கும் இல்லங்களில் அவ்விடம் மட்டும் நினைவுக்கு வருவதாகத் தெரியவில்லை.