முன்னோர் பெயரில் பேசும் அரசுகள்

2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் நினைவு நாணயத்தை வெளியிட்ட பிரதமர் மோடி, இலங்கை, மாலத்தீவு, தென்கிழக்காசியாவுடன் சோழர் வளர்த்த உறவைப் புகழ்ந்தார். சீனாவும் இதே வழியில் நடக்கிறது. இலங்கையின் காலியில் கிடைத்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு, புத்தர், விஷ்ணு, அல்லா மூவருக்கும் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே அளித்த காணிக்கைகளைச் சீனம், தமிழ், பாரசீகத்தில் பதிவு செய்கிறது. அவரைச் சமாதானத் தூதராகக் காட்டும் பெய்ஜிங், 2023இல் ‘உலக நாகரிக முன்முயற்சி’யை அறிவித்தது. ஒரு நாகரிகத்தின் பெயரால் பேசும் தகுதி ஓர் அரசுக்கு எதனால் வருகிறது?

சொத்தை ஏற்கும் பிள்ளை கடனையும் ஏற்க வேண்டும். 1025இல் தென்கிழக்காசியாவின் கடாரத்தின் மீது படை சென்றதை ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. அவன் படை 1017இல் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்தது. விகாரைகள் சூறையாடப்பட்டதை இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம் பதிந்திருக்கிறது. செங் ஹேயும் இலங்கைத் தலைவர் அழகக்கோனாரைப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனவரே. வாளை மறைத்துவிட்டு வணிகத்தை மட்டும் காட்டினால், அடிபட்டவரின் வழித்தோன்றல்கள் நம்ப மாட்டார்கள்.

பதினோராம் நூற்றாண்டுப் போரை இன்றைய அறத்தால் அளக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அன்றைய கொடுமை நம்முடையதல்ல என்றால், அன்றைய வெற்றியும் நம்முடையதல்ல. எலவனாசூர்கோட்டைச் சிவன் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளைக் கண்டு நாம் மகிழலாம். அந்த மகிழ்ச்சி அண்டை நாட்டின் மீது நமக்கு உரிமை எதையும் தந்துவிடாது. பீரங்கியைவிடப் பண்பாடு மேலல்லவா என்ற வாதமும் உண்டு. மேல்தான். 2023இல் பப்புவா நியூ கினியின் டோக் பிசின் மொழியில் திருக்குறள் வந்ததும், 2025இல் யாழ்ப்பாணப் பண்பாட்டு மையம் திருவள்ளுவர் பெயர் பெற்றதும் உண்மையான மகிழ்ச்சி தருபவை.

ஆனால் குறள் ஆள்பவரின் நடத்தையை அளக்கும் நூல். 2023 ஜி20 மாநாட்டில் உலகமே ஒரு குடும்பம் என்று அறிவித்த இந்தியா, 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் ஈழத்தமிழ் அகதிகளுக்கு இடம் தரவில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றில் இஸ்லாம் அரசு மதம், ஆகவே அங்குள்ள சிறுபான்மையினருக்கே இச்சட்டம் என்பது அரசின் விளக்கம். அது சட்டத்தின் எல்லையைச் சொல்கிறது. அறத்தின் கேள்விக்கு விடை சொல்லவில்லை. 1983 முதல் வந்த ஈழத்தமிழர்களில் பலர், அவர்கள் பெற்ற பிள்ளைகளோடு இன்னும் முகாம்களில் வாழ்கிறார்கள். விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த நூலை அயல்நாடுகளில் பரிசளிக்கும் அரசு, தன் வாசலில் நிற்பவருக்குக் குடியுரிமை தரட்டும். நாகரிகத்தின் பெயரால் பேசும் தகுதி அப்போது தானே வரும்.