சேர்ந்து குடித்தவர்கள் சேர்ந்துதான் விட முடியும்

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் பொழுது சாய்ந்த பிறகு ஒரு நடை போனால், யார் யார் குடிப்பவர்கள் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. டாஸ்மாக் வாசலில் நிற்க யாரும் கூசுவதில்லை. குடியை விட வேண்டும் என்று ஓரிடத்துக்குப் போவதற்குத்தான் நம் ஊரில் அத்தனை கூச்சம்.

என் சித்தப்பா அதற்காகத் திருச்சிக்குப் போனார். கல்லணை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறும்போது யாராவது கேட்டால், கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்வார். அதற்கு முன்பு பூண்டி மாதா கோயிலில் சத்தியம் செய்திருக்கிறார், குலதெய்வத்தின் முன் கையில் கயிறு கட்டியிருக்கிறார். ஒரு தடவை சித்தி, குடியை நிறுத்தும் என்று யாரிடமோ ஒரு பொடி வாங்கிவந்து அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அப்படிக் கொடுக்கப்படும் சில மருந்துகள் உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

குடும்பத்தாரும் வரலாம் என்ற திறந்த கூட்டம் ஒன்றுக்கு நானும் கூடப் போனேன். ஏ.ஏ. என்று சொல்லப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் அது. பிளாஸ்டிக் நாற்காலிகள், மின்விசிறி, ஓரத்தில் டீ. ஒருவர் எழுந்து, தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்தார். அவர் பேசியதை இங்கே எழுதமாட்டேன். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குள் உள்ள பேச்சு. ஒன்றை மட்டும் சொல்லலாம்: யாரும் குறுக்கே பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. வீட்டில் நாங்கள் வாயைத் திறந்தாலே தலையைக் குனிந்துகொள்ளும் அல்லது சத்தம் போடும் சித்தப்பா, அன்று நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து கேட்டார். முடிந்து டீ குடிக்கும்போது பக்கத்தில் நின்றவரிடம், "விட்ட புதுசுல ராத்திரி தூக்கம் வந்துச்சாண்ணே?" என்றார். "எங்க வந்துச்சு? விடிய விடிய முழிச்சுக் கெடந்தேன். அப்புறம் தானா சரியாயிடுச்சு" என்றார் அவர். சித்தியோ நானோ சொல்லியிருக்கக்கூடிய பதில் இல்லை அது.

இந்த இயக்கம் பிறந்ததே இப்படி ஒரு பேச்சில்தான். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் விஷயமாக வந்த பில் என்பவர், வந்த காரியம் கெட்டு, மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயத்தில் இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். பாப் என்ற அறுவை மருத்துவர் கிடைத்தார். இரண்டு பேர் பேசியதில் ஓர் இயக்கம் உருவானது. கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். இந்த வழி பலன் தருகிறதா என்று 2020-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பினர் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு, தொகுத்துப் பார்த்தார்கள். தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில், ஏ.ஏ.வோடு சேர்த்துவிடும் முறையான சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிட மேலாகவே இருந்தது.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. குடிக்குத் துணை எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்று பாருங்கள். முழு குவார்ட்டருக்குக் காசில்லாதவர் கடை வாசலில் "கட்டிங்" என்று கேட்டால் போதும், முன்பின் தெரியாத ஒருவர் பாதிக்குப் பாதி சேர்ந்துகொள்வார். நடவு முடிந்தால் துணை, நெல் போட்ட பணம் வந்தால் துணை, சாவு வீட்டில் துணை. அதே மனிதர் விடும்போது மட்டும் தன்னந்தனியாக, வைராக்கியத்தால் விட வேண்டும் என்கிறோம். இது நியாயமே இல்லை.

யார் வந்தார்கள் என்பது வெளியில் தெரியாமல் காக்கும் ஏ.ஏ.வின் ஏற்பாடு பெரிய நகரத்துக்குச் சரி. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த டெல்டா ஊரில் என்ன செய்வது? பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்த அமைப்பு குடவாசல் பக்கம் மஞ்சக்குடியில் முகாம் போட்டது. நோயாளிகளை நகரத்துக்கு அழைக்காமல், சிகிச்சை கிராமத்துக்கு வந்தது. ஊர்க்காரர்கள் துணை நின்றார்கள், குடும்பத்தாரும் சேர்க்கப்பட்டார்கள். அந்த அனுபவத்தை அவர் 1994-ல் போதைப் பழக்கம் பற்றிய சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். ஊருக்குத் தெரிந்தே ஒருவர் விடலாம், ஊரே அதற்குத் துணையாகலாம் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி அது.

ஒரு எச்சரிக்கை. காலையில் கை நடுங்கி, குடித்தால்தான் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், நினைவு தடுமாறலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் மனநல மருத்துவரைப் பாருங்கள், கூட்டம் அதற்குப் பிறகு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 அல்லது 14446 எண்ணைக் கூப்பிடுங்கள், காசு செலவில்லை.

சாயங்காலக் கூட்டத்துக்குத் திருச்சி போனால் ஊர் திரும்பக் கடைசி பஸ்ஸை நினைத்துத் தவிக்க வேண்டியிருக்கிறது. அதனாலேயே கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிடத் தோன்றும். குடியை விட நினைக்கும் இரண்டு பேர் கூடினாலே அது ஒரு குழுதான் என்கிறது ஏ.ஏ. நம் ஊரில் அந்த இரண்டு பேர் இல்லாமலா போவார்கள்? பள்ளிக்கூட வகுப்பறையோ, கோயில் மண்டபமோ, மாதா கோயில் திண்ணையோ வைத்திருப்பவர்களே, வாரத்தில் ஒரு சாயங்காலம் அதை அவர்களுக்குத் திறந்துவிடுங்கள்.